தராசா, ஸ்பூனா, கையளவா: எடை குறைக்கச் சாப்பாட்டை எதில் அளப்பது?

டிஜிட்டல் தராசு வாங்கிய அன்றைக்கு நான் முதலில் எடை போட்டது பீனட் பட்டர். தினமும் காலையில் ஒரு டேபிள்ஸ்பூன் சாப்பிடுவதாக மாதக்கணக்கில் எழுதி வைத்திருந்தேன். டப்பாவின் மேல் ஒரு டேபிள்ஸ்பூன் 16 கிராம் என்று போட்டிருந்தது. நான் வழக்கமாக எடுக்கிற மாதிரியே எடுத்துத் தராசில் வைத்தேன். 31 கிராம். கிட்டத்தட்ட 90 கலோரி, ஒவ்வொரு நாளும், என் கணக்கிலேயே வராமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கலோரிக் கணக்கு ஆரம்பிக்கும் பலர் கேட்பதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. தராசு கட்டாயம் வேண்டுமா? கப்பும் ஸ்பூனும் போதாதா? கையளவு என்கிறார்களே, அது சரிப்படுமா? போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் ஆப்பை நம்பலாமா? எழுதுவது ஆப்பிலா, நோட்டிலா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

பிழை எத்தனை கலோரி? பிழையைக் கிராமில் பார்க்கக் கூடாது, கலோரியில் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, மதுவில் 7. வெள்ளரிக்காயில் 20 கிராம் தவறினால் 3 கலோரி தவறும். எண்ணெயில் அதே 20 கிராம் தவறினால் 180 கலோரி தவறும். தட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

எவ்வளவு நேரம் பிடிக்கிறது? சமைக்கும் அவசரத்தில் செய்ய முடியாததை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் செய்யமாட்டார்கள்.

வீட்டுக்கு வெளியே நடக்குமா? விருந்து, அலுவலகம், பயணம் என்று வாரத்தில் பாதிச் சாப்பாடு வெளியில் என்றால், வீட்டுச் சமையலறையில் மட்டும் வேலை செய்யும் முறை பாதிக் கணக்கைத்தான் தரும்.

மனதை என்ன செய்கிறது? இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். சாப்பாட்டு மேசை பரீட்சை அறையாகிவிட்டால், எடை குறைந்தாலும் அது நல்ல முறை இல்லை.

அளக்கத்தான் வேண்டுமா என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்தார்கள். உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்பதை, உடலுக்குள் பின்தொடரக்கூடிய ஐசோடோப்புகளால் குறியிட்ட தண்ணீர் கொடுத்து அளந்தார்கள். அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவழிப்பதில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைத்தான் சராசரியாக 47% குறைத்துச் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்து அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். கண்ணும் நினைவும் சேர்ந்து செய்கிற வேலை அது. என் பீனட் பட்டரும் அப்படித்தான்.

## டிஜிட்டல் தராசு

ஒரு கிராம் துல்லியத்தில் 5 கிலோ வரை எடை காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும். துல்லியத்தில் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். பழகிவிட்டால் ஸ்பூனைவிட இதுதான் வேகம், கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு.

ரகசியம் 'டேர்' பட்டனில் இருக்கிறது. தட்டை வைத்து பட்டனை அழுத்தினால் பூஜ்யம். சோறு போட்டால் சோற்றின் எடை. மறுபடி அழுத்தினால் மறுபடி பூஜ்யம், அடுத்தது பருப்பு. இதைவிட எனக்குப் பிடித்தது தலைகீழ் முறை. பீனட் பட்டர் டப்பாவைத் திறந்து அப்படியே தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, ஸ்பூனால் எடுக்க வேண்டும். திரையில் மைனஸ் 16 என்று காட்டும். எடுத்த அளவு அதுதான். ஸ்பூனில் எவ்வளவு ஒட்டியது என்ற கேள்வியே இல்லை. எண்ணெய் பாட்டிலையும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால், வாணலியில் எவ்வளவு ஊற்றினோம் என்பது தெரிந்துவிடும்.

தராசு வைத்திருப்பவர்களும் அதிகம் தவறும் இடம் பச்சையா, வெந்ததா என்பது. 100 கிராம் பச்சரிசியோ புழுங்கலரிசியோ சுமார் 360 கலோரி. வெந்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. அரிசி தண்ணீரை உறிஞ்சி மும்மடங்கு அளவுக்குக் கனத்துவிடுவதால் இந்த வித்தியாசம். கோழிக்கறி நேர்மாறு. தண்ணீர் வெளியேறி எடை சுமார் கால் பங்கு குறையும். வெந்ததை எடை போட்டுவிட்டுப் பச்சைக்கான எண்ணை எழுதினால், அரிசியில் கணக்கு எகிறும், கோழியில் இறங்கும். எந்த நிலையில் எடை போட்டீர்களோ, அந்த நிலைக்கான எண்ணையே எடுக்க வேண்டும். முடிந்தவரை பச்சையாக எடை போடுவது நல்லது, ஏனென்றால் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எவ்வளவு வற்றியது என்பது ஒவ்வொரு நாளும் மாறும்.

'குடும்பத்துக்கே சேர்த்துச் சமைக்கிறேன், என் பங்கை எப்படிக் கணக்கிடுவது?' என்பார்கள். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை எழுதி அடுப்பு அருகே ஒட்டி வையுங்கள். உதாரணத்துக்கு 840 கிராம். உள்ளே போகிற பொருள்கள் எல்லாவற்றையும் பச்சையாக எடை போட்டுக் கூட்டினால் மொத்தம் 1,800 கலோரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சமைத்து இறக்கியதும் பாத்திரத்தோடு 2,340 கிராம். காலிப் பாத்திரத்தைக் கழித்தால் உணவு 1,500 கிராம், கிராமுக்கு 1.2 கலோரி. தட்டில் 350 கிராம் போட்டுக்கொண்டால் 420 கலோரி. கறியாக இருந்தாலும் சூப்பாக இருந்தாலும் கணக்கு இதேதான். மற்றவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டியதே இல்லை.

தராசுக்கும் குறைகள் உண்டு. ஒன்றிரண்டு கிராம் பொருளைப் பல தராசுகள் கண்டுகொள்ளாது. மெதுவாகத் தூவினால், தன்னைத் தானே பூஜ்யமாக்கிக்கொண்டு எடையை விழுங்கிவிடும் தராசுகளும் இருக்கின்றன. மொத்தமாகப் போட்டால் சரியாகக் காட்டும். பேட்டரி தீரும்போது எண்கள் தடுமாறும். மேடு பள்ளமான மேடையில் வைத்தாலும் அப்படியே. சந்தேகம் வந்தால் 500 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள், 500 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

பெரிய மறைமுகச் செலவு வேறு. எண்மீது வரும் மோகம் அது. 152 கிராமை 150 ஆக்க இரண்டு பருக்கையைத் திரும்ப எடுக்கிற நிலை வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். பாக்கெட் லேபிளில் உள்ள எண்ணே அவ்வளவு துல்லியம் கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதிப்படி, லேபிளில் போட்டதைவிட 20% வரை கலோரி கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும். பாதாம் போன்ற கொட்டைகளில் உடல் உறிஞ்சும் ஆற்றல் லேபிள் சொல்வதைவிடக் கணிசமாகக் குறைவு என்று 2012-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது: 28 கிராமுக்கு 170 என்று போட்டிருந்தால் உண்மையில் சுமார் 129. ஆக, இரண்டு கிராமுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

## கப்பும் அளவு ஸ்பூனும்

திரவத்துக்கு இவை நன்றாகவே வேலை செய்யும். பால், எண்ணெய், தயிர் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 15 மி.லி., எடையில் சுமார் 14 கிராம், 120 கலோரியை ஒட்டி வரும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் ஸ்பூனில் ஊற்றி வாணலியில் விடும் பழக்கம் ஒன்றே பலருக்குப் பெரிய மாற்றத்தைத் தரும்.

திடப்பொருளில்தான் சிக்கல். மாவைக் கரண்டியால் எடுத்து மெதுவாகக் கப்பில் போட்டால் சுமார் 120 கிராம். அதே கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 வரை போகும். தலைதட்டி அளந்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும். கோபுரமாக அள்ளினால் கேட்கவே வேண்டாம். நறுக்கிய துண்டு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தும் கப்புக்குள் போகிற எடை மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது. கப் என்பது எல்லா இடத்திலும் ஒரே கப் இல்லை. அமெரிக்க ஊட்டச்சத்து லேபிளில் ஒரு கப் 240 மி.லி., மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. ஒரு நாட்டுச் சமையல் குறிப்பை இன்னொரு நாட்டு ஸ்பூனால் அளந்தால் எண்ணெயில் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். வாங்கிய செட்டில் மி.லி. பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தராசைப் பார்த்தாலே பதற்றம் வருகிறவர்களுக்கும், பலர் சேர்ந்து சமைக்கிற சமையலறைக்கும் இது நல்ல நடுவழி.

## கையளவு

உள்ளங்கை அகலமும் தடிமனும் அளவுக்குப் புரதம், மூடிய கை முட்டி அளவு காய்கறி, குவித்த கை அளவு சோறோ பாஸ்தாவோ, கட்டைவிரல் அளவு கொழுப்பு. வாங்க எதுவும் வேண்டாம், மறந்துவிட்டுப் போகவும் முடியாது. பெரிய உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் பெரிய கை என்பதால், அளவும் ஓரளவு தானாகப் பொருந்திவிடுகிறது.

ஆனால் இது பலவீனமாக இருக்கும் இடம், பிழை அதிகக் கலோரியாக மாறும் அதே இடம்தான். முட்டி அளவு காய்கறியில் தவறினால் ஒன்றும் ஆகாது. கட்டைவிரல் அளவு வெண்ணெய் கொஞ்சம் பெருத்தால் 50 கலோரி போய்விடும். சமைக்கும்போது உள்ளே போன எண்ணெயையோ கட்டைவிரலால் அளக்கவே முடியாது. கண்ணுக்குப் பழக்கம் இல்லாமல் முதல் நாளே இதில் இறங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். தராசோடு சில வாரம் இருந்துவிட்டு வருகிறவர்களின் குவித்த கையும், புதிதாக வருகிறவர்களின் குவித்த கையும் ஒன்றல்ல.

தட்டைப் பிரித்துக்கொள்ளும் முறையும் இதற்கு உறவுதான். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டு மாதிரியில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். எண்ணே இல்லாமல் ஆரம்பிக்க நல்லது. எடை குறையாமல் நின்றுவிட்டால் எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் உதவாது.

## போட்டோ எடுத்துக் கணிக்கும் ஆப்

ஆசை காட்டுகிற முறை. தட்டில் இருப்பது என்ன என்பதைப் பல நேரம் சரியாகவே சொல்லிவிடுகிறது. எவ்வளவு என்பதில்தான் தடுமாறுகிறது. கிண்ணத்தின் ஆழம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. உள்ளே ஊறிய எண்ணெயும் கரைந்த சர்க்கரையும் எந்தப் படத்திலும் தெரியாது. அளவுக்கருவியாக இதை நான் நம்பமாட்டேன். நினைவுக்கருவியாக நம்புவேன். வெளியில் சாப்பிடும்போது ஒரு படம் எடுத்து வைத்தால், இரவு உட்கார்ந்து எழுதும்போது, பக்கத்தில் இருந்தவர் நீட்டிய இரண்டு பிஸ்கட்டும் கணக்கில் வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | தராசு | கப், ஸ்பூன் | கையளவு | போட்டோ |
|---|---|---|---|---|
| துல்லியம் | மிக அதிகம் | திரவத்தில் நன்று, திடத்தில் சுமார் | காய்கறியில் போதும், கொழுப்பில் போதாது | ஆழமும் எண்ணெயும் தப்பும் |
| நேரம் | பழகினால் குறைவு | நடுத்தரம், கழுவும் வேலை உண்டு | ஏறக்குறைய இல்லை | சில விநாடி, திருத்த நேரம் தனி |
| வெளியில் | கடினம் | கடினம் | எளிது | எளிது |
| மறைமுகச் செலவு | எண்மீது மோகம் | நாட்டுக்கு நாடு மாறும் அளவு | மெல்ல மெல்லப் பெருக்கும் கை | பொய்யான நிம்மதி |
| எப்போது சிறந்தது | முதல் மாதம், எடை நின்றுவிட்டபோது | எண்ணெய், பால் | பயணம், எடையைத் தக்கவைக்கும் காலம் | மறதி உள்ளவர்களுக்கு |

## எழுதுவது எங்கே: ஆப்பிலா, நோட்டிலா?

முதலில், எழுதுவதால் பலன் உண்டா? உண்டு. 2008-இல் கிட்டத்தட்ட 1,700 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். நேரம் ஆகுமே என்ற கவலைக்கு 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு பதில் சொல்கிறது. 142 பேர் ஆன்லைனில் உணவைப் பதிவு செய்தார்கள். நன்றாக எடை குறைத்தவர்கள் முதல் மாதம் நாளுக்குச் சராசரியாக 23 நிமிடம் செலவழித்தார்கள், ஆறாம் மாதம் 15 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதிலும் முக்கியமாகத் தெரியவந்தது, எவ்வளவு நேரம் எழுதினார்கள் என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை எழுதினார்கள் என்பதுதான். சாப்பிட்டதும் ஒரு வரி எழுதுவது, இரவில் உட்கார்ந்து பத்து வரி யோசிப்பதைவிட மேல்.

ஆப்பின் பெரிய வசதி பார்கோடும், அடிக்கடி சாப்பிடுவதைச் சேமித்து வைப்பதும். மூன்றாவது வாரத்தில் உங்கள் காலைச் சாப்பாடு ஒரே தட்டலில் பதிவாகிவிடும். ஆனால் இலவசமாக இருந்த வசதி நாளைக்கும் இலவசமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. மைஃபிட்னஸ்பால் என்ற கலோரிப் பதிவு ஆப் 2022-இல் பார்கோடு ஸ்கேனைக் கட்டணத்துக்குள் கொண்டுபோனது.

பயனர்களே சேர்த்த பதிவுகளில் தவறு நிறைய. ஒரே பொருளுக்கு ஐந்து பதிவு, ஐந்தும் ஐந்து எண். நான் செய்யும் சோதனை இது: புரதத்தை 4-ஆல், மாவுச்சத்தை 4-ஆல், கொழுப்பை 9-ஆல் பெருக்கிக் கூட்டுவேன். வந்த எண் அங்கே போட்டிருக்கும் கலோரியை ஒட்டி இருந்தால் சரி. நார்ச்சத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நூறு கலோரி இடித்தால் அந்தப் பதிவைத் தொடுவதே இல்லை. லேபிள் இல்லாத பொருளுக்கு, அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரலில் தேடி அந்த எண்ணையே என் உணவாகச் சேமித்துக்கொள்வேன்.

இன்னொரு பொறி உடற்பயிற்சிக் கலோரி. நடந்ததற்கு 300 கலோரி என்று ஆப் திரும்பக் கொடுக்கும், அதையும் சேர்த்துச் சாப்பிடத் தோன்றும். உங்கள் தினசரி இலக்கை நிர்ணயிக்கும்போதே 'சுறுசுறுப்பானவர்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், அதே நடைக்கு இரண்டு முறை கணக்கு எழுதுகிறீர்கள். அந்த வசதியை அணைத்து வைப்பது நல்லது.

நோட்டு மெதுவானது, கூட்டல் நாமே போட வேண்டும். ஆனால் தினமும் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து இருபது உணவுதான் என்றால், அவற்றின் கலோரியை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நோட்டிலேயே ஓட்டிவிடலாம். விளம்பரம் இல்லை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இல்லை. ஸ்ப்ரெட்ஷீட் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

## யாருக்கு எது

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை: தராசும் ஆப்பும், நான்கு முதல் ஆறு வாரம். எல்லாவற்றையும் எடை போடுங்கள். அப்புறம் காய்கறியையும் பழத்தையும் விட்டுவிடலாம். அடுத்து சோறு, பருப்பு கையளவுக்கு வரட்டும். எண்ணெய், வெண்ணெய், கொட்டைகள், சீஸ் மட்டும் தராசிலேயே இருக்கட்டும். அங்கேதான் கலோரி ஒளிந்திருக்கிறது.

எடை நின்றுவிட்டதாக நினைப்பவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள். உடம்பில் தண்ணீர் ஏறி இறங்குவதால் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஏழு நாள் சராசரியை எடுத்து, மூன்று நான்கு வாரம் அது நகரவில்லை என்றால் மட்டும் தராசைத் திரும்ப வெளியில் எடுங்கள். சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் அளவைச் சரிபார்ப்பது நல்லது. பெரும்பாலும் குறைக்க வேண்டிய தேவையே வராது.

வெளியில் அதிகம் சாப்பிடுகிறவர்கள் கையளவும் போட்டோவும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கென்று கூடுதலாக ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்தே எழுதுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு மாவுச்சத்தை எடை போடுவது மருந்தளவோடு சம்பந்தப்பட்டது. அவர்கள் மருத்துவரோடு பேசி, தராசையே நம்புவது நல்லது. உணவு சார்ந்த மனநலப் பிரச்சினை முன்பு இருந்தவர்கள், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள் எண் கணக்கில் தானாக இறங்கவே வேண்டாம். எடை போடாமல் சாப்பிட்டால் குற்ற உணர்வு வருகிறது, விருந்துக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால், யாராக இருந்தாலும் தராசை உள்ளே வைத்துவிட்டு ஒரு நிபுணரிடம் பேசுங்கள்.

கையளவுக்கு வந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நான் கண்ணைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. தட்டில் போட்டதும் ஊகத்தை முதலில் நோட்டில் எழுதுவேன், பிறகுதான் தராசில் வைப்பேன். போன முறை சோற்றுக்கு ஊகம் 180 கிராம், தராசு காட்டியது 186. பாதாமுக்கு ஊகம் 25, தராசு காட்டியது 38. சோற்றைக் கையளவுக்கே விட்டுவிட்டேன். பாதாம் டப்பா இன்னும் தராசின் பக்கத்திலேயே இருக்கிறது.